ஆளற்ற வயல் என்று எழுதியது நான்தான்

என் உயிர் மச்சான் கலியபெருமாளுக்கு,

உனக்குக் கடிதம் எழுதி ஐம்பது வருஷம் இருக்கும். எழுத வேண்டிய அவசியம் என்ன வந்தது? குத்தாலம் கடைத்தெருவில் என் ஸ்டூடியோ, அங்கேயிருந்து சைக்கிளில் கால்மணி நேரத்தில் உன் வீடு. சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லி, சண்டையும் நேரிலேயே போட்டுக்கொண்டோம். இப்போதுதான் சைக்கிள் போகாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். அதனால் எழுதுகிறேன்.

உன் மகள் தமிழ்ச்செல்வி உன் வருஷ நினைவுக்கு ஒரு சின்ன மலர் போடுகிறாள். "மாமா, நீங்க அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. எல்லாரும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றாள். எல்லாரும் படிக்கிற மாதிரி உன்னோடு நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்? பேச்சில் பாதி கெட்ட வார்த்தை. அதையெல்லாம் வடிகட்டிவிட்டு எழுதுகிறேன். நீ அங்கங்கே போட்டுப் படித்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் தண்ணீர் நேரத்துக்கு வந்தது. உன் ஆறு மா வயலில், அந்த இரண்டு ஏக்கரிலும், சம்பா அறுத்து, களத்தில் காய்ந்து, மூட்டையும் ஏறிவிட்டது. உன் தம்பி மகன்தான் பார்த்துக்கொள்கிறான். வரப்பைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறான், நீ வைத்திருந்ததைவிட. கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொன்னேன்.

அப்புறம், எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. கட்டை அவிழ்த்த அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்ட டாக்டரைப் பார்த்து அசந்துபோய்விட்டேன். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை! இத்தனை வருஷமும் கண்ணுக்குள்ளேயே ஒரு மஞ்சள் ஃபில்டரை மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. நீ இருந்திருந்தால், "நான்தான் அப்பவே சொன்னேன்ல, உன் பிரிண்ட்டெல்லாம் கோளாறுன்னு" என்று குதித்திருப்பாய். சொல்ல ஆளில்லாமல் வீட்டுக்கு வந்து ஒரு கிளாஸ் டீ குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மலருக்கு உன் படம் ஒன்று வேண்டுமாம். தமிழ்ச்செல்வி என்னிடம் கேட்டாள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டாள்! ஊரில் பிறந்த குழந்தை முதல் கட்டையில் போகிற கிழம் வரைக்கும் படம் எடுத்தவன் நான். ஸ்டூடியோ பரணை மூன்று நாள் கிளறினேன். நீ எடுத்த படம் பெட்டி பெட்டியாக இருக்கிறது. உன்னை எடுத்த படம்? வாத்தியார் வேலைக்கு எடுத்த முகப்படம் ஒன்று, திருடனைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி. கல்யாணப் படத்தில் கண்ணை மூடியிருக்கிறாய். மற்றதிலெல்லாம் நீ கேமராவுக்குப் பின்னால். எவனாவது உன்னை எடுக்க வந்தால், "இரு, வெளிச்சம் பாத்துட்டு வர்றேன்" என்று நழுவிவிடுவாய். அடப்பாவி, இத்தனை வருஷத்தில் ஒரு தடவை நின்றிருக்கக் கூடாதா?

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கலியபெருமாளும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் குத்தகை விவசாயி மாரிமுத்துவின் மகன். அவனுடைய பாட்டன் பண்ணையாள். அவன்தான் அந்தத் தெருவிலிருந்து கும்பகோணம் போய்க் கல்லூரியில் பௌதிகம் படித்த முதல் ஆள். நான் ஸ்டூடியோ வைத்திருந்த பாய் மகன். அவன் என் அத்தாவை மாமா என்பான், நான் அவன் அப்பாவை மாமா என்பேன். எங்களுக்குள் மச்சான்.

என் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரண்டு கண் கேமரா உனக்கு ஞாபகம் இருக்கும். மேல் கண் நாம் குனிந்து பார்க்க, கீழ்க் கண் படம் எடுக்க. கூடவே மூன்று ஃபில்டர்: மஞ்சள், பச்சை, சிவப்பு. அத்தாவுக்கு அவையெல்லாம் விளையாட்டுச் சாமான். "கல்யாண வீட்டுல சிவப்புக் கண்ணாடிய போட்டு எடுத்தா பொண்ணோட உதடு வெளுத்துப்போயிரும்டா" என்று மூட்டை கட்டி வைத்துவிட்டார். நாம்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் வயலுக்கும் ஓடினோம். மனிதர்களை எடுத்து எடுத்து எனக்குச் சலித்திருந்தது. உனக்கு வானத்தின் மேல் ஒரு கிறுக்கு.

எனக்குச் சிவப்புதான் உயிர். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் சிவப்பை மாட்டி எடுத்தால் நீல வானம் கன்னங்கரேலென்று இறங்கும், வெள்ளை மேகம் பிதுங்கிக்கொண்டு நிற்கும். உனக்கு அது ஆகவே ஆகாது. "மழை வராத வானத்துல மழையக் காட்டாதடா. விவசாயி வயிறு எரியும்" என்பாய். அப்படித்தான் ஒருநாள் மாரிமுத்து மாமா என் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கறுக்கல் எப்ப வந்துச்சு? ஒரு பய எங்கிட்ட சொல்லலியே" என்று நிஜமாகவே கேட்டார். அன்று முழுக்க நீ சிரித்த சிரிப்பு!

உனக்கு மஞ்சள். நடவு முடிந்த வயலுக்குப் பச்சை. மஞ்சள் போட்டால் வானம் நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத்தான் கறுக்கும், பச்சை போட்டால் இளம் பயிர் வெளுத்து எழும்பும் என்று நீதான் கண்டுபிடித்தாய். வெளிச்சம் அளக்கிற மீட்டர் பாதி நாள் வேலை செய்யாது. தண்ணீர் நிற்கிற வயலைப் பார்த்து அளந்தால் பளபளப்பில் அது ஏமாந்துபோய், படம் முழுக்க இருட்டடிக்கும். நீ உன் உள்ளங்கையை வெயிலில் நீட்டி, அதில் விழுகிற வெளிச்சத்தை அளந்து, அதற்குமேல் லென்ஸை ஒரு படி திறந்துவிடச் சொல்வாய். "என் கைய வச்சா எப்படிடா, உன் கை கறுப்பு, என் கை சிவப்பு" என்றேன் ஒரு தடவை. "உள்ளங்கை எல்லாருக்கும் ஒரே நெறந்தான் மச்சான். பாக்காதவனுக்குத்தான் தெரியாது" என்றாய். இன்றைக்கும் வெளியில் படம் எடுக்கப் போனால் என் கை தானாக நீள்கிறது. நீட்டிவிட்டு, உன் கை இல்லையே என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

வெல்டிங் கண்ணாடி யோசனையும் உன்னுடையதுதான். கும்பகோணத்தில் ஒரு பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறாய். கண்ணுக்கு மறைப்பாகப் பிடிக்கிற அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்து என் மேஜையில் வைத்தாய். "மச்சான், சூரியனையே பாக்கலாம் இதுல. இத கீழ்க் கண்ணுல ஒட்டுனா பட்டப்பகல்ல நிமிஷக்கணக்குல ஷட்டரத் தொறந்து வைக்கலாம்." எதற்கு என்று கேட்டேன். "தண்ணி அசையுறது, மேகம் போறது எல்லாம் ஒண்ணா விழுந்து பால் மாதிரி ஆயிரும்டா. நெனச்சுப் பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டாய். புத்தகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாய். ஒரு நிமிஷம் போதும் என்று கணக்கு சொன்னது. நேரம் நீளும்போது படச்சுருள் சோம்பிப்போகும், அதற்கு மேலும் மூன்று நிமிஷம் கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னாய். மூன்று சுருள் பாழாக்கிய பிறகு நீ சொன்னது சரி என்று தெரிந்தது.

அந்த ஆவணி மாதத்துக் காலையை மறந்திருக்க மாட்டாய். சம்பாவுக்கு உழவு. உங்கள் ஆறு மா வயலில் தண்ணீர் தளும்பி நிற்கிறது. மாரிமுத்து மாமா ஏரைப் பூட்டிச் சுற்றிச் சுற்றி உழுதுகொண்டிருக்கிறார். நாம் வரப்பில் ஸ்டாண்டை நிறுத்திவிட்டோம். மாமாவை ஏறி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்டா. அப்பா நின்னாத்தான் படத்துல விழுவாரு. நடந்துகிட்டே இருக்குற எதுவும் நாலு நிமிஷத்துல பதியாது. அவரு பாட்டுக்கு உழுவட்டும்."

அப்படியே ஆயிற்று. டார்க் ரூமில் படம் மேலெழுந்து வந்தபோது இரண்டு பேரும் தட்டின் மேல் குனிந்தோம். ஏர் இல்லை, மாடு இல்லை, கலங்கிய சேறு இல்லை. வரப்புக்கு வரப்பு வெறும் வெளிச்சம் தேங்கி நின்றது. தூரத்தில் தென்னைகள், அதன் மேல் இழுபட்ட மேகம். சும்மா சொல்லக் கூடாது மச்சான், அதுக்கப்புறம் நான் அப்படி ஒரு படம் எடுக்கவில்லை.

ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியில் மாட்டினேன். மாமா சந்தைக்கு வந்தவர் எட்டிப் பார்த்தார். மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். "வயலு நம்மளுதுதான். மூலையில அந்தத் தென்ன நம்ம தென்ன. நான் எங்கடா?" நீ பௌதிகம் விளக்கினாய். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "வெடியக்காலத்துலேருந்து உழுதவன் நான். வானம் மட்டும் வந்துருக்கு. சரி, அதாவது அழகா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நீ சிரிக்கவில்லை. அவர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இனிமேல் எழுதப் போவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

நீ கும்பகோணத்தில் பரீட்சைக்குப் போயிருந்த வாரம், உங்கள் வயலுக்குச் சொந்தக்காரரான பெரியபண்ணை ஐயா குடும்பப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தார். பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்தவர், "யாருய்யா எடுத்தது? என் வீட்டுக் கூடத்துல மாட்டணும், பெரிசா ஒண்ணு போட்டுக் குடு பாய்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெரிய மனுஷர் என் படத்தைக் கேட்கிறாரே! உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பெரிய அட்டையில் ஒட்டினேன். எங்கள் ஸ்டூடியோ வழக்கப்படி பின்பக்கம் முத்திரை குத்தினேன், மாதமும் வருஷமும் ஊரும் எழுதினேன். அதோடு விட்டேனா? கலைஞன் என்று நினைப்பு. தலைப்பு ஒன்று வைத்தேன். என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்: ஆளற்ற வயல்.

அப்போது ஊர் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இவர்களுக்குச் சொல்கிறேன். புது ஆட்சி வந்து மேடைக்கு மேடை நிலத்தைப் பற்றிப் பேச்சு. கூலிக்குச் சண்டை, அறுவடைக்கு வெளியூர் ஆள், ஒரு தெருவில் செங்கொடி, அடுத்த தெருவில் கறுப்பு சிவப்பு, வாய்க்கால் மதகில் போலீஸ். அந்தச் சமயத்தில் குத்தகைக்கு உழுகிறவன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறினால் மாமாவை அந்த வயலிலிருந்து யாரும் இறக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த போகமே அவர் வரப்புக்கு வெளியே. மாமாவிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் வாய்வார்த்தைக் குத்தகை. சாகுபடிக் கணக்கு எழுதுகிற அடங்கலில் பண்ணையின் பெயர்தான்.

தாலுக்கா ஆபீஸில் விசாரணை. நீ, நான், மாமா, ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர். தாசில்தார் கேட்டதற்கு மாமா, "பதினேழு வருசமா நாந்தான் சாமி உழுவுறேன்" என்றார். பெரியபண்ணை எழுந்தார். ஆள் ஒருவன் ஒரு பெரிய அட்டையைத் துணி பிரித்து மேஜையில் வைத்தான். நான் ஒட்டிக் கொடுத்த அதே அட்டை.

"போன சம்பாவுல இவன் வயல்ல காலே வைக்கலீங்க. தண்ணி சும்மா நின்னுச்சு. நான்தான் அப்புறம் ஆளு விட்டு நட்டேன். இதோ, உழவு மாசத்துல எடுத்த படம். எடுத்ததும் இவனோட ஆளுங்கதான்."

தாசில்தார் படத்தைப் பார்த்தார். திருப்பினார். முத்திரையைப் படித்தார், மாதத்தைப் படித்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தலைப்பையும் படித்தார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. என் கையெழுத்து உனக்குத் தெரியாதா? மூன்றாம் வகுப்பிலிருந்து என்னைப் பார்த்து எழுதியவன் நீ.

"கேமரா பொய் சொல்லாதேப்பா" என்றார் தாசில்தார், கொஞ்சம் வருத்தமாகவே.

"சொல்லும் சார்" என்றாய். "நாங்கதான் சொல்ல வச்சோம். அந்தப் படத்துல எங்கப்பா உழுதுகிட்டிருக்காரு. கண்ணுக்குத் தெரியமாட்டாரு. வேணும்னா உங்களையும் அப்படியே எடுத்துக் காட்டுறோம்."

ஆபீஸே கொல்லென்று சிரித்தது. ஆனால் அந்தத் தாசில்தார் நல்ல மனுஷர், கொஞ்சம் விளையாட்டுப் புத்தியும் உண்டு. "சரி, எடுத்துக் காட்டுங்க" என்றார், நீ உடனே என்னை விரட்டினாய். நான் குத்தாலம் போய்க் கேமராவையும் ஸ்டாண்டையும் கறுப்புக் கண்ணாடியையும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஆபீஸ் வாசலில் நல்ல வெயில். நீ உள்ளங்கையை நீட்டி அளந்தாய். "சார், நீங்க வாசல்ல இப்படியும் அப்படியும் நடந்துகிட்டே இருக்கணும். நிக்கக் கூடாது." தாசில்தார் பெரியபண்ணையையும் விடவில்லை. "நீங்களும் வாங்க, காலாற நடப்போம்" என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டே குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்கினார். மனு கொடுக்க வந்த ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். நீயும் தாசில்தார் பக்கத்திலேயே நடந்தாய்.

நான் ஷட்டரைத் திறந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியவன், மேல் கண்ணாடியில் குனிந்துவிட்டேன். அதில் எல்லோரும் இருந்தீர்கள். வலது இடதாக, சின்னச் சின்னதாக, வெயிலில் போய் வந்துகொண்டு. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் கண்ணில் நீ நடக்கிறாய், கீழ்க் கண் உன்னை எழுதிக்கொள்ளாது. இவன் இனிமேல் என் முகத்தில் விழிப்பானா என்று நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் உன் சத்தம் கேட்டது: "டேய் மச்சான், மணியப் பாருடா!"

படம், நெகட்டிவ் இரண்டையும் அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவரச் சொன்னார் தாசில்தார். கொண்டுபோனோம். வேப்பமரம் இருந்தது. ஜீப் இருந்தது. ஆபீஸ் தூண்கள் இருந்தன. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த தலையாரி மீசையோடு அச்சாக விழுந்திருந்தார். வேறு ஒரு ஜீவன் இல்லை. தாசில்தார் படத்தைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "நான் எங்கய்யா?" என்றார்.

மாமா கேட்ட அதே கேள்வி. உனக்கும் அது உறைத்தது.

அந்த நேரத்தில்தான் நம்ம நடவுக்காரி அஞ்சலை அக்கா கூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தது. "அய்யய்ய, குடை இருக்கு, ஐயாவக் காணுமே!" பெரியபண்ணையின் குடை சுவரில் சாய்ந்தபடி அழகாக விழுந்திருந்தது. பாவி மக, ஒரே வார்த்தையில் கூட்டத்தையே உலுக்கிவிட்டாள். பியூன் சிரித்தான், எழுத்தர் சிரித்தார், தாசில்தார் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டார். அதுவரைக்கும் பண்ணையின் முகத்தைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிற ஜனம் அது. சாட்சி சொல்ல யாரும் வரவில்லை என்று முந்தின வாய்தாவில் மாமா தனியாக நின்றிருந்தார். சிரித்த சிரிப்பில் பயம் விட்டுப்போயிற்று. அஞ்சலை அக்காவே முன்னால் வந்தது. "எழுதிக்கிங்க சார். அந்த வயல்ல நாத்து நட்டவ நான். உழுதது மாரிமுத்து அண்ணன். எந்தக் கோயில்ல வேணும்னாலும் சொல்றேன்." அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

பதிவேட்டில் மாமா பெயர் ஏறியது. உடனே இல்லை, இன்னும் எத்தனையோ வாய்தா, அலைச்சல், மிரட்டல். ஆனால் ஏறியது. அன்று சாயங்காலமே மாமா ஸ்டூடியோவுக்கு வந்து, "டேய் ஜமாலு, இப்ப ஒண்ணு எடு. நான் தெரியற மாதிரி எடு" என்றார். வயலில் போய் எடுத்தோம். ஃபில்டர் கிடையாது, கறுப்புக் கண்ணாடி கிடையாது, கண் இமைக்கிற நேரம் ஷட்டர். மனுஷன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நிற்கிறார். நீயும் போய்ப் பக்கத்தில் நில் என்றேன். "இரு, வெளிச்சம் பாத்துட்டு வர்றேன்."

சரி. இதையெல்லாம் நீ அறிவாய். அறியாதது ஒன்றுதான். அந்தத் தலைப்பை ஏன் எழுதினேன் என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதே இல்லை. விசாரணை அன்று பஸ்ஸில் திரும்பும்போது கேட்பாய் என்று பயந்தேன். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பச்சை ஃபில்டருக்கு எத்தனை படி திறக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தாய். அப்புறம் உன் கல்யாணம், என் கல்யாணம், உன் வாத்தியார் வேலை, மாமாவின் சாவு. மாமாவைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட என் தோளும் உன் தோளும் உரசிக்கொண்டுதான் போனோம். அப்போதும் கேட்கவில்லை. ஏன்டா? மன்னித்துவிட்டாயா? இல்லை, கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று விட்டுவிட்டாயா? உன் அப்பாவை நீயும்தானே அந்தப் படத்திலிருந்து எடுத்தாய், அதனால் பேச மனசு வரவில்லையா? எனக்குத் தெரியவில்லை மச்சான். நீ இருக்கும்போது கேட்கத் துணிச்சல் இல்லாதவன், இப்போது ஊரறியக் கேட்கிறேன்.

பெருமைக்காகத்தான் எழுதினேன். வேறு காரணம் இல்லை. உன் அப்பா நாலு நிமிஷமும் அந்தத் தண்ணீரில் நடந்தார் என்று தெரிந்தே, ஆளில்லை என்று எழுதினேன். என்னை மன்னித்துவிடு.

போன வாரம் தமிழ்ச்செல்வி சென்னையிலிருந்து வந்தாள். நம் பழைய நெகட்டிவ்களையெல்லாம் ஏதோ மெஷினில் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். தாலுக்கா ஆபீஸ் படம் வந்தது. நான் தலையாரி மீசையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் இருட்டான பக்கத்தை மட்டும் ஏதோ அழுத்தி வெளுப்பாக்கினாள்.

"மாமா, இங்க பாருங்க. இந்தத் தூணுக்குப் பக்கத்துல. இது யாரு?"

என் புதுக் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தேன். வராந்தாவின் இருட்டுக்கு முன்னால் புகை போல ஒரு வெள்ளைச் சட்டை. அதன் மேல் கேமரா பக்கம் திரும்பிய ஒரு தலை. மூக்கு முழி எதுவும் இல்லை. ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருக்கிறது, மறு கை அதன் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

யா அல்லா!

மணியைப் பார் என்று கத்தினாயே, அப்போது நின்றிருக்கிறாய். எல்லோரையும் நிற்கக் கூடாது என்று சொன்ன நீயே நின்றிருக்கிறாய். நான் கேட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிற வரைக்கும், பத்துப் பன்னிரண்டு நொடியாவது, நின்று என்னையே பார்த்திருக்கிறாய். உன் அப்பாவின் வயல் என் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த நாளில், என் கையெழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகு. அம்பது வருஷமாக அந்த நெகட்டிவ் என் பரணில்தான் கிடந்தது. ஃபில்டர், எக்ஸ்போஷர் என்று பெரிய பேச்சு பேசியவன், இருட்டில் என்ன விழுந்திருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"உங்கப்பாடா தங்கம்" என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மலரில் உன் படமாக அதைத்தான் போடுகிறாள். பார்க்கிறவர்கள் முகம் தெரியவில்லையே என்பார்கள். சொல்லட்டும்.

இன்று காலையில் என்னிடமிருக்கிற வயல் பிரதியை எடுத்துத் திருப்பினேன். ஆளற்ற வயல் என்று அதிலும் எழுதி வைத்திருந்தேன், அதை அடித்தேன். கீழே எழுதினேன்: மாரிமுத்து மாமா உழுகிறார். ஒரு ஜோடி மாடு. வரப்பில் அவர் மகன் கலியபெருமாள், கூட நான். எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். வருகிற சம்பா உழவுக்கு அதே வரப்பில் ஸ்டாண்டை நிறுத்துவேன். டிராக்டர்தான் உழும், பரவாயில்லை. சுருள் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன், கறுப்புக் கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. உள்ளங்கையில் வெளிச்சம் அளந்து, நாலு நிமிஷம் திறந்து வைப்பேன். மேல் கண்ணாடியில் குனிந்து வயலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவையும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன் மச்சான். நீ நின்று என்னைத் திட்ட வேண்டும்.

மணி பார்க்கத் தெரியாத உன் மச்சான்,
ஜமால்
குத்தாலம்